சப்தாவின் ஃபாத்திமா

ஒரு நடிகையின் தொழில் வாழ்வை இவ்விதழின் பக்கங்களில் ஆராயத்தான் வேண்டுமா என்று வாசகருள் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. நடிப்புத் தொழிலைப் போற்றுவதற்கோ, ஒரு பெண்ணின் சொந்த வாழ்வை அளந்து தீர்ப்புக் கூறுவதற்கோ நாம் முற்படவில்லை. உள்ளங்களை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. ஆயினும், ஒரு முஸ்லிம் பெயர் பல இலட்சம் இல்லங்களின் திரையில் தோன்றும்போது, அப்பெயரோடு கூட எவ்வகை எண்ணம் அவ்வில்லங்களுக்குள் நுழைகிறது என்பதை ஆராய்வது நம் கடமை. ஹிபா அபூக் என்னும் ஸ்பானிய நடிகையின் கலைப்பயணம் அவ்வாராய்ச்சிக்குத் தக்க சான்றாக அமைகின்றது.

ஹிபா 1986ஆம் ஆண்டு மாட்ரித் நகரில், துனீசிய, லிபிய வேர்களையுடைய குடும்பத்திற் பிறந்தவர். அவர் பெயருக்கு அரபு மொழியில் கொடை என்பது பொருள். நாடகக் கலையோடு அரபு மொழியியலையும் முறையாகப் பயின்றவர் என்பது நம் கவனத்திற்குரியது. சிறு வேடங்களில் தொடங்கிய அவரை நாடறியச் செய்தது 'எல் பிரின்சிபே' என்னும் தொலைக்காட்சித் தொடர். தெலேசிங்கோ நிலையம் அதனை 2014 முதல் 2016 வரை, இரண்டு பருவங்களாக, 31 பகுதிகளில் ஒளிபரப்பியது. முதற் பருவத்தை வாரந்தோறும் ஏறத்தாழ 50 இலட்சம் பேர் கண்டனர். அதில் ஹிபா ஏற்றது, ஃபாத்திமா என்னும் இளம் ஆசிரியையின் பாத்திரம்.

கதை நிகழும் ஊர் சப்தா. ஸ்பானியர் அதனைச் 'சேவுத்தா' என்பர். ஜிப்ரால்ட்டர் நீரிணையின் தென்கரையில், மொராக்கோவை ஒட்டி அமைந்த சிறு நகரம் அது. 1415இல் போர்த்துக்கீசியர் கைப்பற்றினர். 1668இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் அது ஸ்பெயினுக்கு உறுதியாயிற்று. நம் மதரஸாக்களில் அவ்வூரின் பெயர் புதியதன்று. 'அஷ்ஷிஃபா' என்னும் அரிய நூலை யாத்த காழீ இயாழ் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 476இல் (கி.பி. 1083) பிறந்த மண் அது, அவர்கள் நீதிபதியாக வீற்றிருந்த நகரும் அதுவே.

இன்று அந்நகர மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் முஸ்லிம்கள். மொராக்கோ எல்லையை அடுத்துள்ள 'எல் பிரின்சிபே' குடியிருப்பு, வேலையின்மையும் வறுமையும் மிகுந்தது. தொடருக்குப் பெயர் தந்ததும் அதுவே. ஃபாத்திமாவின் தம்பி அப்து காணாமற் போகிறான். தீவிரவாதிகள் அவனைத் தம்பால் ஈர்த்துவிட்டனர். மூத்தவன் ஃபாரூக் போதைப்பொருள் கடத்துபவன். அவளுக்குக் கணவனாக வரும் காலிதும் தீவிரவாதக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று பின்னர் வெளிப்படுகிறது. காவல் அதிகாரியாக ஊருக்குள் வரும் மொரே என்னும் அரசாங்க உளவாளியே அவளுடைய காதலுக்குரியவனாகக் காட்டப்படுகிறான்.

இத்தொடரின் குறையை நாம் இங்கேதான் காண்கிறோம். அக்குடியிருப்பில் கடத்தல் இல்லை என்று எவரும் வாதிட இயலாது. சிரியப் போருக்கு ஆளனுப்பியதாகக் குற்றஞ்சாட்டி 2013இல் சப்தாவில் சிலர் கைது செய்யப்பட்டதும் மெய்யே. அவற்றைக் கதையாக்கியது பிழையன்று. ஆனால், ஃபாத்திமாவுக்கு நெருங்கிய ஆண்மக்கள் மூவரையும் குற்றத்தின் மூன்று முகங்களாகவே நிறுத்தியதும், அவளுடைய கண்ணியத்தை அறியும் கண்ணை அயலவன் ஒருவனுக்கே வழங்கியதும் ஆசிரியர்களின் தேர்வு. அதிகாலைத் தொழுகைக்குப் பின் கூலி வேலைக்குச் செல்லும் தந்தையும், பிள்ளைக்கு ஓதக் கற்றுத்தரும் தாயும் ஒரு கதையை நடத்திச் செல்லத் தகுதியற்றவர்களா?

தொடரின் நன்மையையும் மறைத்தல் நீதியாகாது. முஸ்லிம் பெண் வாய்பேசாப் பின்னணி உருவமாக நிற்காமல், கற்றவளாகவும் கற்பிப்பவளாகவும் கதையின் நடுவே நின்றாள். ஹிபா அப்பாத்திரத்துக்கு அளித்த நிதானமும் மிடுக்கும் மறுக்க முடியாதவை. தம்பியின் மீதுள்ள பாசத்துக்கும் ஊரின் பழிச்சொல்லுக்கும் இடையே அவள் படும் துயரம், எழுத்தின் குறையையும் மீறி நெஞ்சைத் தொடுகின்றது.

எனினும் அத்தொடர் வகுத்த தடம் அதனோடு முடிந்துவிடவில்லை. அதில் சிறு பாத்திரமேற்ற மீனா எல் ஹம்மானி, 2018இல் வெளிவந்த 'எலீத்தே' என்னும் தொடரில் நாதியா என்னும் மாணவியாக வந்தார். நாதியா பலஸ்தீனக் குடும்பத்தின் மகள், நன்கு படிப்பவள், தலைத்துணியைக் களைந்தாலன்றிப் பள்ளியில் தொடர முடியாத நிலைக்கு ஆளாகிறவள். அங்கும் அவளுடைய உரிமையைப் பற்றிய வினா, செல்வர் வீட்டு இளைஞனோடு நிகழும் காதற் கதைக்குள் கரைந்துபோகிறது. முஸ்லிம் பெண்ணுக்கு விடுதலை வேண்டுமாயின், அது அவள் வீட்டுக்கு வெளியிலிருந்து ஓர் இளைஞன் வடிவில்தான் வரவேண்டும் என்பது எழுதப்படாத விதியாகவே ஆகிவிட்டது போலும்!

ஸ்பானியர் நகரத் தலைவரை 'அல்கால்தே' என்று அழைப்பர். அது 'அல்காழீ' என்பதன் திரிபு. ஒன்றை விரும்பி ஏங்கும்போது அவர்கள் கூறும் 'ஓஹலா' என்னும் சொல், அல்லாஹ்வின் நாட்டத்தைக் குறிக்கும் அரபுத் தொடரிலிருந்து பிறந்தது. நாவில் இத்தனை அரபுச் சொற்களைச் சுமக்கும் ஒரு சமூகம், அம்மொழியின் வழிவந்தோரைத் திரையில் அந்நியராகவே காண்பது வரலாற்றின் விந்தை. அரபு மொழியியல் கற்ற ஹிபா இவ்வுறவை அறியாதவராக இருக்க முடியாது. ஆனால் நடிகை, பிறர் எழுதித் தந்ததைப் பேசுபவர். அறிவு அவரிடத்தில் இருந்தும் எழுதுகோல் வேறு கையில் இருந்தது.

ஆகவே, நடிகையைப் பழிப்பதனால் நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நம் பிள்ளைகள் இத்தகைய தொடர்களைக் காணும் காலம் இது. தடுப்பதோடு நில்லாமல், இக்கதையை எழுதியவர் யார், எதனை விட்டுவிட்டார் என்று கேட்க அவர்களைப் பழக்குவோமாக. கதை புனையும் ஆற்றலுள்ள மகனோ மகளோ ஒரு வீட்டில் இருப்பின், அவ்வாற்றலை வீண்வேலை என்று பெற்றோர் அணைத்துவிடாதிருக்க வேண்டும். சப்தாவின் ஃபாத்திமாவை, அவள் தெருவில் வளர்ந்த ஒருத்தி எழுதும் நாளில், அவள் அண்ணனும் தம்பியும் வேறு மனிதர்களாக நமக்கு அறிமுகமாவார்கள், இன்ஷா அல்லாஹ்.