நீலியின் கண்ணீரும் அணங்கின் அச்சகமும்

ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் பயிற்றுவிக்கிறேன். மாணவிகள் பலர் அம்பத்தூர், பட்டாபிராம், திருநின்றவூரிலிருந்து மின்சார ரயிலில் வருகிறவர்கள். அதே தடத்தில் திருவள்ளூரைத் தாண்டினால் திருவாலங்காடு. பக்கத்தில் பழையனூர், நீலியின் ஊர். மாலதி மைத்ரியின் கவிதைகளை நடத்தும்போது இந்தத் தடத்திலிருந்துதான் தொடங்குவேன்.

கணவனால் கொல்லப்பட்டவள் நீலி. மறுபிறவியில் வணிகனாக வரும் அவனைத் தேடி, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊரார் முன் அழுகிறாள். ஊர் அவனை அவளிடம் ஒப்படைக்கிறது. அவன் சாகிறான்; பிணை நின்ற 70 வேளாளர்களும் சொன்ன சொல் தவறாமல் தீப்பாய்கிறார்கள். அவர்களுக்கு நினைவிடம் கிடைத்தது. நீலிக்கு மொழி கொடுத்தது ‘நீலிக்கண்ணீர்’ என்ற வசவு. கொலையுண்டவளின் அழுகையே பொய்யழுகைக்குப் பெயராகிவிட்டது. சமணக் காப்பியமான நீலகேசி மட்டும் அவளைப் பிற சமயத்தாரோடு வாதிட்டு வெல்பவளாக மாற்றிக் கற்பனை செய்தது.

மாலதி மைத்ரி 2005இல் தன் தொகுப்புக்கு ‘நீலி’ என்று பெயரிட்டதை இந்த வரிசையில் வைத்துத்தான் படிக்க வேண்டும். அதற்கு முன் 2001இல் ‘சங்கராபரணி’, 2003இல் ‘நீரின்றி அமையாது உலகு’. புதுச்சேரிப் பக்கத்து ஆறு, குறள், பிறகு பேய். ‘பேய்மொழி’ என்ற கவிதையில் பேயின் அடையாளமும் பெண்ணின் அடையாளமும் ஒன்றாகின்றன. பேயின் மொழியே கவிதை என்றாகிறது. பேயுருவை விரும்பி ஏற்றுத் திருவாலங்காட்டுக்கு வந்து பாடிய காரைக்கால் அம்மையாரின் குரல் இதற்குப் பின்னால் கேட்கிறது.

நம் பாடத்திட்டங்களோ இதையெல்லாம் ‘உடல்மொழி’ என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடுகின்றன. குட்டி ரேவதியின் ‘முலைகள்’ 2002இல் வந்தபோது எழுந்த கூச்சலும் இதே வாசிப்பின் விளைவுதான்: பெண் எழுதினால் அது அவள் வாக்குமூலம். நாவலில் வரும் பேயை மாய யதார்த்தம் என்று கொண்டாடுகிற விமர்சனம், பெண் கவிதையில் வரும் பேயிடம் மட்டும் ‘இது உன் சொந்த அனுபவமா?’ என்று கேட்கிறது. பெண்ணுக்கு அனுபவம் உண்டு, கற்பனை கிடையாது என்பது இந்தக் கேள்விக்குள் இருக்கும் தீர்ப்பு. என் மாணவிகள் எழுதிய கவிதையை வீட்டில் காட்டத் தயங்குவதும் இந்தத் தீர்ப்புக்கு அஞ்சித்தான்.

எனக்கு ஒரு மறுப்பும் உண்டு. ‘அணங்கு’ என்ற சங்கச் சொல் வருத்தும் தெய்வ ஆற்றலைக் குறிக்கும். பெண்ணுடலில் அது உறைகிறது என்ற நம்பிக்கை அவளைக் காவலில் வைக்கவும் காரணமாகியது. பேயாவதில் வலிமை இருக்கிறது; ஊருக்கு வெளியே நிற்க வேண்டிய தனிமையும் இருக்கிறது. நீலி பழிதீர்த்தாள், ஆனால் அவளுக்குத் தோழி இல்லை.

இதற்கான பதிலை மாலதி மைத்ரியின் கவிதையைவிட அவருடைய மற்ற இரண்டு வேலைகளில்தான் காண்கிறேன். கிருஷாங்கினியோடு சேர்ந்து ‘பறத்தல் அதன் சுதந்திரம்’ என்ற பெண் கவிதைத் தொகுப்பைக் கொண்டுவந்தார். ‘அணங்கு’ என்ற பெயரிலேயே இதழும் பதிப்பகமும் நடத்தினார். குட்டி ரேவதி ‘பனிக்குடம்’ இதழை நடத்தியதும் இதே திசையில்தான். தொகுப்பில் நீலி தனியாள் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இன்னொருத்தி இருக்கிறாள். காவலுக்குக் காரணமாயிருந்த சொல் பதிப்பகத்தின் பெயராகி, அட்டையில் ஏறுகிறது.

கவிஞரைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறவர்கள் இந்த வேலையை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். கைப்பிரதி வாங்குவது, மெய்ப்புப் பார்ப்பது, காகித விலைக்கும் அச்சுக்கூலிக்கும் பணம் திரட்டுவது, விற்காத பிரதிகளை வீட்டில் அடுக்குவது என்று சிறு பதிப்பகத்தின் பாடு வீட்டுவேலையைப் போலவே கண்ணில் படாதது. எது கவிதை, யார் கவிஞர் என்பது முடிவாவதோ அங்கேதான். அந்த முடிவை ஆண்கள் கையிலேயே விட்டுவைத்த காலம்தான் நீலியின் கண்ணீரைப் பொய் என்று எழுதிவைத்தது. ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவிகள் கவிதைகளோடு பெண்கள் நடத்திய பதிப்பகங்களையும் எடுத்துக்கொள்ளட்டும். பழைய இதழ்கள் கிடைக்கும்போதே அந்த வேலை நடக்க வேண்டும்.