முதல் ஆர்டரைக் கொடுப்பது யார்?

கொங்கு நாட்டுத் தொழில்களைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வுகளையும், தொழில்முனைவோர் கல்வியைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வுகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் படிப்பவர்கள் குறைவு. முதல் வகையை எழுதியவர்கள் மானிடவியலாளர்கள், புவியியலாளர்கள். பனியன் கம்பெனிகளிலும் விசைத்தறிக் கொட்டகைகளிலும் மாதக்கணக்கில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர்கள். இரண்டாம் வகை, பயிற்சி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து வருமானத்தை ஒப்பிடும் பொருளாதார அறிஞர்களுடையது. ஒரு தரப்பு எழுதியதை மறு தரப்பு மேற்கோள் காட்டுவது அபூர்வம். ஆனால் இரண்டையும் சேர்த்துப் படித்தால், தனித்தனியாகப் படிக்கும்போது கண்ணில் படாத ஒன்று தெரிகிறது. தொழிலில் கால் ஊன்றியவருக்குச் சொந்தபந்தம் இலவசமாகக் கொடுத்த மூன்று உதவிகள் உண்டு: முதல் ஆர்டர், தவணைக்கு ஒரு மிஷின், தவறு செய்யும்போது தடுத்துச் சொல்ல ஓர் ஆள். இவை ஏற்கெனவே இருப்பவருக்குத் தொழில்முனைவோர் பாடம் பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை. இவை இல்லாதவருக்கோ பாடம் மட்டும் போதுவதில்லை. நமது கல்லூரிகளும் இணையவழிப் படிப்புகளும் இந்த இடைவெளியைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பதுதான் என் குறை.

கதை 1960இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஜேம்ஸ் பெர்னா என்ற இயேசு சபைப் பாதிரியார், அன்றைய சென்னை மாநிலத்தின் தொழில்முனைவோரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சென்னையிலும் கோவையிலும் இருந்த 52 இலகு ரகப் பொறியியல் நிறுவனங்களை அவர் ஆராய்ந்திருந்தார். இந்தியர்களின் சமயமும் சாதியும் தொழில் ஊக்கத்தைத் தடுக்கின்றன என்று மேல்நாட்டு அறிஞர்கள் அடித்துப் பேசிய காலம் அது. பெர்னாவின் தரவு அதற்கு ஒத்துவரவில்லை. பலவகைப் பின்னணியிலிருந்தும் ஆட்கள் தொழிலுக்கு வந்திருந்தார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டியது மனப்பாங்கைவிட, கையில் கிடைத்த மூலதனமும் தொழிலறிவும் முன் அனுபவமும்தான் என்றார் அவர். நான்கே ஆண்டுகள் கழித்து, 1964இல், ஹார்வர்டின் உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் ஆந்திரத்தின் காக்கிநாடா வியாபாரிகளுக்கு 'சாதனை வேட்கை'ப் பயிற்சி அளித்தார். ஹைதராபாத்தின் சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனம் அதற்கு இடம் கொடுத்தது. மனதை மாற்றினால் தொழில் தானாக வளரும் என்பது அவர் கட்சி. நாட்டின் தொழில்முனைவோர் பயிற்சி பெரும்பாலும் மெக்லெலண்டின் வழியில்தான் போனது. 1983இல் அகமதாபாத்தில் தொடங்கிய தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனமும் அந்த மரபில் வந்ததே. கோவையின் பட்டறைகளிலிருந்து எடுத்த பெர்னாவின் முடிவு நூலகத்தில் தங்கிவிட்டது. மனதைப் பயிற்றுவிப்பது செலவு குறைந்த வேலை, மூலதனம் கொடுப்பது செலவு பிடிக்கும் வேலை; அரசுகள் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதில் வியக்க ஒன்றுமில்லை.

கோவைக்காரர்கள் இந்த விவாதத்துக்காகக் காத்திருக்கவில்லை. 1926இல் உருவான பி.எஸ்.ஜி. அறநிலையம் தன் தொழிற்பயிலகத்தை உற்பத்திக்கூடமாகவே நடத்தியது; மாணவர் கை வைத்த எந்திரம் சந்தைக்குப் போனது. கோவைத் தொழிலதிபர் ஜி.டி. நாயுடு 1945இல் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரிக்குத் தலைமை ஏற்றபோது, நான்காண்டுப் படிப்பு வீண், இரண்டாண்டு போதும் என்று வாதிட்டார். அரசு ஒப்பாததால் விலகினார். அவர் சொன்ன கால அளவு சரியா என்பது வேறு விஷயம். எந்திரத்தோடு பழகுவதும் பாடமும் ஒரே கூரைக்குள் நடக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த ஊரில் ஆராய்ச்சிக்கு முன்பே இருந்தது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அந்த எண்ணத்துக்கு மிக விரிவான சான்று திருப்பூரில் கிடைக்கிறது. ஷரத் சாரியின் 'ஃப்ரேட்டர்னல் கேப்பிடல்' (2004) இந்தத் துறையின் தலையாய நூல் என்பது என் மதிப்பீடு. தொண்ணூறுகளில் திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளிகளாக இருந்தவர்களில் கணிசமானோர் ஒரு தலைமுறைக்கு முன் அதே ஊரில் கூலிக்கு வேலை பார்த்தவர்கள். சுற்றுவட்டாரக் காட்டிலிருந்து வந்த கவுண்டர் வீட்டுப் பிள்ளைகள். இவர்கள் எப்படி மேலே வந்தார்கள் என்பதுதான் நூலின் கேள்வி. எங்கள் உழைப்பால் வந்தோம் என்பது அவர்கள் சொல்லும் விடை. சாரி அதை மறுக்கவும் இல்லை, அப்படியே ஏற்கவும் இல்லை. கைமடியாக (உதவி ஆளாக) வேலைக்குச் சேர்ந்து, கட்டிங்கோ டெய்லரிங்கோ கற்று, பிறகு அதே கம்பெனிக்குள் ஆள் பிடித்து வேலை முடித்துத் தரும் காண்ட்ராக்டராகி, நாலைந்து சொந்தக்காரர்கள் சேர்ந்து பங்கு போட்டு ஒரு யூனிட் தொடங்குவது என்ற ஏணியை அவர் படிப்படியாக வரைகிறார். ஒவ்வொரு படியிலும் ஒரு பாடம் இருந்தது. ஆட்களை வேலை வாங்கப் பழகினார்கள். துணி எங்கே சேதமாகும், எந்த வியாபாரி பணம் தர இழுப்பார் என்று தெரிந்துகொண்டார்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு கையும் நீண்டது. பழைய முதலாளி உபரி ஆர்டரைத் தள்ளிவிட்டார், மாமனார் வீட்டிலிருந்து பணம் வந்தது, பழைய மிஷின் தவணைக்குக் கிடைத்தது. பாடமும் கையும் சேர்ந்தே வந்ததால், வெற்றி பெற்றவருக்குப் பாடம் மட்டும் நினைவில் நின்றது. நீண்ட கை மறந்துபோனது. உழைத்து முன்னேறிய கதை எல்லாம் இப்படித்தான் சொல்லப்படுகிறது. பின்னாளில் கல்லூரி மேடைகளில் 'தன்னம்பிக்கை' உரையாகத் திரும்பி வருவதும் இந்தப் பாதிக் கதையே.

மறந்துபோன பாதியை அளந்து பார்த்தவர்கள் அபிஜித் பானர்ஜியும் கைவான் முன்ஷியும். 2004இல் வெளியான அவர்களுடைய கட்டுரை திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களை இரண்டாகப் பிரிக்கிறது: உள்ளூர்க் கவுண்டர் நிறுவனங்கள், வெளியிலிருந்து வந்தவர்களின் நிறுவனங்கள். உள்ளூர்க்காரர்கள் தொடக்கத்திலேயே மிகுதியான மூலதனம் போடுகிறார்கள், தொடர்ந்தும் கூடுதலாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் குறைந்த முதலோடு தொடங்கிய வெளியாட்களின் உற்பத்தி வேகமாக வளர்ந்து, சில ஆண்டுகளில் உள்ளூர்க்காரர்களை முந்திவிடுகிறது. அதாவது பணம் திறமையிருக்கும் இடத்தைத் தேடிப் போகவில்லை. பங்காளி வழியாகவும் மாமன் மச்சான் வழியாகவும் போனது. வேளாண்மையில் சேர்ந்த உபரியைப் போட வேறு நல்ல வழி இல்லாததால் உறவினர் கம்பெனியில் போட்டார்கள் என்பது அவர்கள் விளக்கம். கணக்கு நுட்பமானதுதான். ஆனால் இந்த 'வெளியாட்கள்' பெரும்பாலும் வேறு ஊர்களின் வணிகச் சமூகத்தவர். அவர்களுக்கும் ஒரு வலைப்பின்னல் உண்டு. எந்தப் பின்னலும் இல்லாதவர் அந்தத் தரவுக்குள்ளேயே வருவதில்லை, ஏனென்றால் அவர் கம்பெனியே தொடங்கவில்லை.

அவரைத் தேடினால் வேறு ஆய்வுகளுக்குப் போக வேண்டும். கோவை வட்டாரக் கிராமங்களை 1980களின் தொடக்கத்திலிருந்து திரும்பத் திரும்பச் சென்று ஆராய்ந்த ஜூடித் ஹையர், தொழில் வளர்ச்சி தலித்துகளுக்குக் கூலி உயர்வைக் கொண்டுவந்தாலும் அவர்களை ஓரத்திலேயே வைத்திருப்பதைக் காட்டினார். கிரேஸ் கார்ஸ்வெல்லும் கீர்ட் டி நீவும் 2013இல் எழுதியது, திருப்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் விசைத்தறி வேலை முன்பணத்தால் தொழிலாளியைக் கட்டிப்போடும் விதம். அதே டி நீவ் 2014இல் பனியன் கம்பெனி காண்ட்ராக்டர்களைப் பற்றி எழுதியபோது, சாரி வரைந்த ஏணியின் நடுப்படியிலேயே பலர் மாட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். ஆட்களுக்கு முன்பணம் கொடுத்துக் கடனாளியாகி, கம்பெனிக்கும் தொழிலாளிக்கும் இடையில் நசுங்கி, மேலே ஏறவும் முடியாமல் கீழே இறங்கவும் முடியாமல் நிற்கிறார்கள். இவர்களுக்குத் தொழில் தெரியாது என்று எந்த ஆய்வாளரும் சொல்லவில்லை.

இனி இரண்டாவது அலமாரிக்கு, அதாவது குலுக்கல் முறைச் சோதனைகளுக்கு வருவோம். சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் உட்ரஃப் மூவரும் இலங்கைப் பெண்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 2014இல் வெளியானது. ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்த பெண்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்தபோது நடைமுறை கொஞ்சம் மாறியது, லாபம் மாறவில்லை. பயிற்சியோடு பணமும் கொடுத்தபோது லாபம் ஏறியது. இரண்டாம் ஆண்டில் அதுவும் கரைந்தது. நெதர்லாந்தில் மாணவர்களைக் குட்டி நிறுவனம் நடத்தச் சொன்ன ஒரு பாடத்திட்டத்தைச் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள்: தொழில்திறன் கூடவில்லை, தொழில் தொடங்கும் ஆசை குறைந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது நைரோபியின் தண்டோரா குடியிருப்பில் நடந்து 2018இல் வெளியான சோதனை. ஒரு குழுப் பெண்களுக்கு வகுப்பு. இன்னொரு குழுவுக்கு அதே இடத்தில் தொழில் செய்து தேறிய மூத்த பெண் ஒருவரின் துணை. வகுப்பு லாபத்தை அசைக்கவில்லை. துணை கிடைத்தவர்களின் லாபம் சராசரியாக 20 சதவீதம் உயர்ந்தது. சரக்கு எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று மூத்தவர் சொன்னதே முக்கியக் காரணம். சந்திப்புகள் நின்றதும் பலனும் மங்கியது. திருப்பூரில் மாமன் செய்த வேலையை நைரோபியில் ஒரு முன்பின் தெரியாத பெண் செய்தார் என்று இதைப் படிக்கலாம். அப்படிப் படித்தால், உறவு இல்லாமலும் அந்த உதவியை அமைத்துக் கொடுக்க முடியும் என்பது நிரூபணமாகிறது. தொடர்ந்து கொடுக்க வேண்டும் என்பதும்தான்.

இணையவழிக் கல்வியின் சான்றும் இதே திசையில்தான். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் வெளியிட்ட இணையப் படிப்புகளை ஆராய்ந்த ஜஸ்டின் ரைக், ஹோசே ருயிபெரெஸ் இருவரின் 2019ஆம் ஆண்டுக் கட்டுரைப்படி, 2017-18இல் சேர்ந்தவர்களில் 3.13 சதவீதம் பேர்தான் முடித்தார்கள். இதை வைத்து இணையக் கல்வியைத் தூக்கி எறிவது நியாயமில்லை. சிங்காநல்லூரில் லேத் ஓட்டும் ஒருவர் சி.என்.சி. நிரல் எழுதும் ஒரே ஒரு பாடத்தைப் பார்த்துவிட்டு மூடினால், கணக்கில் அவர் பாதியில் நின்றவர். பட்டறைக் கணக்கில் வேண்டியதை எடுத்துக்கொண்டவர். ஆகவே நல்ல சோதனை வேறு மாதிரி இருக்க வேண்டும். மெக்ஸிகோவிலும் குவாத்தமாலாவிலும் சுயதொழில் பெண்களுக்கு ஜூம் வழியே நேரடி வகுப்பு நடத்திப் பார்த்தார்கள். பெண்கள் தவறாமல் வந்தார்கள், இரண்டு மாதத்தில் தொழில் மேம்பட்டது. ஆறு மாதத்துக்குள் வித்தியாசம் மறைந்துவிட்டது. தூரத்தையும் வீட்டு வேலையையும் தாண்டி வகுப்பு வந்து சேர்ந்தது உண்மையான ஆதாயம். அதற்குப் பின் வர வேண்டியது வரவில்லை. 2003 முதல் என்.பி.டி.இ.எல்., 2017 முதல் ஸ்வயம், 2022 முதல் நான் முதல்வன் என்று நம்மிடமும் வகுப்புக்குப் பஞ்சமில்லை.

மறுப்புகள் உண்டு. டோகோவில் நடந்து 2017இல் வெளியான சோதனை, முன்முயற்சி எடுக்கக் கற்பிக்கும் உளவியல் பயிற்சி லாபத்தை 30 சதவீதம் உயர்த்தியதாகச் சொல்கிறது. மரபான கணக்குவழக்குப் பயிற்சி அந்த அளவுக்கு எட்டவில்லை. மெக்லெலண்ட் முற்றிலும் தவறு என்று சொல்ல இது விடாது, நானும் சொல்லவில்லை. ஆனால் அங்கே பயிற்சி பெற்றவர்கள் ஏற்கெனவே கடை வைத்து வாடிக்கையாளரைப் பெற்றவர்கள். கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்கு இது பொருந்துமா என்பதை அது சோதிக்கவில்லை. மும்பையை ஒட்டிய நெசவாலைகளில் நிர்வாக ஆலோசனையால் உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடிய 2013ஆம் ஆண்டு ஆய்வையும் எடுத்துக்காட்டுவார்கள். அங்கே ஆலோசகர்கள் மாதக்கணக்கில் ஆலைக்குள்ளேயே நின்று மாற்றிக் காட்டினார்கள். அதை வகுப்பறைக்குச் சான்றாக எடுப்பது பொருந்தாது.

இன்னொரு மறுப்பு உள்ளூரிலிருந்து வரும்: உறவு வழிக் கடன் என்பது நம்பிக்கை, அதைச் சாதி என்று கொச்சைப்படுத்தலாமா? வங்கி அடமானம் கேட்ட காலத்தில் அந்த நம்பிக்கைதான் திருப்பூரை எழுப்பியது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒருவர் பணத்தைத் திருப்பித் தராவிட்டால் கல்யாண வீட்டில் தலைகாட்ட முடியாது என்பதுதான் அந்த நம்பிக்கையின் ஈடு. அந்தக் கல்யாண வீட்டுக்கு அழைப்பே இல்லாதவர் என்ன ஈடு கொடுப்பார்? யாரும் அவரை வேண்டுமென்றே விலக்க வேண்டியதில்லை. ஏற்பாடு தானாகவே விலக்கிவிடும்.

அரசு இதை அறியாமல் இல்லை. 2023இல் தமிழ்நாடு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டிச் சலுகையும் தருகிறது. தவணைக்கு மிஷின் கொடுத்த மாமனுக்கு இது ஈடு. முதல் ஆர்டருக்கு ஈடாக 2012ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கொள்முதல் கொள்கையைச் சொல்லலாம்: குறு, சிறு நிறுவனங்களிடம் 20 சதவீதம் வாங்க வேண்டும், அதற்குள் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினரின் நிறுவனங்களிடம். பின்னர் மொத்த அளவு 25 சதவீதமாகி, பெண்களுக்கு 3 சதவீதம் சேர்ந்தது. அந்த 4 சதவீதம் பெரும்பாலான ஆண்டுகளில் எட்டப்படவே இல்லை. ஆனால் இந்த ஆர்டர்களுக்கு ஏற்ப வரைபடம் படித்து, அளவு பிசகாமல் கடைந்து, சோதனைச் சான்றிதழோடு சரக்கு அனுப்புவது கற்பிக்கக்கூடிய திறமை. இணையத்தில் பாதியையும் பட்டறையில் மீதியையும் கற்பிக்கலாம். படிப்பை முடித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோரில் குலுக்கலில் பாதிப் பேருக்கு ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் சிறு ஆர்டரும், ஓய்வு பெற்ற ஃபோர்மேன் ஒருவரின் துணையும் இரண்டாண்டு கொடுத்து, மீதிப் பேரோடு ஒப்பிடலாம். குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையும், தொழில்நுட்பக் கல்லூரிகளும், 1969 முதல் இயங்கும் சிறுதொழில் சங்கமான கொடிசியாவும் கோவை என்ற ஒரே நகரத்தில் இருக்கும்போது இந்த ஆய்வை நைரோபிக்காரர்கள் வந்து செய்ய வேண்டியதில்லை.