துணிபும் பற்றும்

13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதம் தமிழ் முதனூலோ, இரௌரவாகமத்தின் பாசவிமோசனப் படலத்தினின்றும் மொழிபெயர்க்கப்பட்டதோ என்னும் வாதம் நெடுங்காலமாக நிகழ்ந்து வருதல் சைவ நன்மக்கள் அறிந்ததே. அதன் முடிபை நிறுவுதல் ஈண்டு எம் கருத்தன்று. இரு சாராரும் சான்றினைக் கையாளும் முறையே ஆராயப்படுவது.

மாபாடியம் இயற்றிய சிவஞான முனிவர் (மறைவு 1785) இந்நூலை மொழிபெயர்ப்பென்றே கொண்டார். அவர்க்கு முன்னரே சிவாக்கிரயோகிகள் வடமொழிச் சூத்திரங்களுக்குப் பேருரை கண்டனர். மறைமலையடிகள் முதலாயினோர் தமிழே முதலென வலியுறுத்தினர். 1961-இல் புதுவைப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கி இரௌரவாகமத்தை வெளியிடத் தொடங்கிற்று. அவ்வேடுகளில் அப்பன்னிரு சூத்திரங்கள் காணப்பட்டில.

இதனால் விளைந்தது யாது? மொழிபெயர்ப்பென்பார், “அப்படலம் அழிந்தது” என்று அமைந்தனர். முதனூலென்பார், “வழக்கு முடிந்தது” என்று மகிழ்ந்தனர். கிடையாமை இன்மைக்குச் சான்றாகாதென முன்னவர் நன்கு கண்டனர். கிடையாததொன்று உண்மைக்கும் சான்றாகாதென்பதைக் காணாராயினர். பின்னவர் இதன் மறுதலை. சிறப்புப்பாயிரம் நந்திபெருமான் முனிவர்க்கு அளித்தமை கூறும். அவ்வோரடியே முன்னவர்க்கு வடநூற் சான்று. பின்னவர்க்கோ ஞானமரபை மாத்திரம் குறிப்பது.

யாமும் இக்குற்றத்திற்கு விலக்கல்லேம். இளமையில் மடத்தில் மாபாடியம் பாடங்கேட்ட நாளில், உடன் பயின்றார் ஒருவர் அப்பதிப்பினைக் காட்டி வினவ, “ஏடு அழிந்தது” என உடனே விடை பகர்ந்தோம். பிற சமயத்தார் ஒருவர் தம் மூலநூலைப் பற்றி அவ்வாறே கூறியபோது நகைத்தோம். அளவை ஒன்றே, நெஞ்சந்தான் இரண்டாயிற்று.

இதன் காரணத்தை நம் நூல்களே விளக்கும். சித்தம் சிந்திக்கும், மனம் பற்றி ஐயுறும், அகங்காரம் ‘யான் துணிவேன்’ என்று எழும், அதன் பின்னரே புத்தி நிச்சயிக்கும். ஐயத்திற்கும் துணிபிற்கும் இடையே ‘யான்’ என்பது நிற்றல் காண்க. நூலோர் அதனை அறிதற்றொழிலின் ஒரு படியாகவே கூறினர். எனினும் ‘யான்’ எழுமிடத்தே ‘என் ஆசிரியர், என் மடம், என் மொழி’ என்னும் பற்றும் உடனெழுதல் அனுபவம். புத்தி நிச்சயிக்கப் புகுமுன்னரே தீர்ப்பு எழுதப்பட்டு விடுகின்றது.

அற்றேல், ஆசிரியர் மொழியில் ஐயுறுதல் தகுமோ எனின், கூறுதும். சித்தியார் அளவையில் ஐயமும் திரிவும் இரண்டும் காட்சிக் குற்றங்களே. ஆயினும் ஐயம் தன்னை ஐயமென அறியும். திரிவோ தன்னைத் துணிபென்றே எண்ணியிருக்கும். ஆதலின் திரிவே அஞ்சத்தக்கது. ஒரு நியாயத்தை மேற்கொள்ளுமுன், அதனை எதிரி கூறினால் யாம் ஏற்போமா என்று வினவிக் கொள்க. ஏலேமாயின் அந்நியாயத்தை விடுக. சான்று போதாதவிடத்து, “இன்னும் துணியப்படவில்லை” என்று கூற நாணற்க.

கண் உண்டாயினும் ஞாயிறின்றிக் காணமாட்டாது என்பதனை அப்பாயிரமே முதற்கண் கூறிற்று. முதனூலாயினும் மொழிபெயர்ப்பாயினும் அப்பொருளிற் பிணக்கில்லை. அதனைக் கற்றார் தம் கண்ணையே ஞாயிறென்று கொள்ளாமை வேண்டும்.