திரைக்குள் ஓர் இட்லிப் பானை

கணினி விளையாட்டுகளில் எனக்கு அபிமானமானவை எவையென்று மயிலாப்பூர் நண்பர்கள் வினவும்போதெல்லாம், தன் தம்பியை ஓடவும் தாவவும் செய்து படம்பிடித்து, அந்தச் சலனங்களையே சித்திரமாக்கி ஜோர்டன் மெக்னர் 1989-இல் சிருஷ்டித்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வை முதலில் சொல்வது என் வழக்கம், ‘டெட்ரிஸ்’ அதற்கு அடுத்தது. ஆயினும் என் பிரீதி முழுவதையும் கவர்ந்துகொண்டது, 2023-இல் டொராண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட ‘வெண்பா’தான்.

1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்த் தம்பதியரின் கதை அது. மனைவியின் தாயார் தந்த, கறைபடிந்து கிழிந்த சமையற்குறிப்பை வைத்துக்கொண்டு, விடுபட்ட படிகளை ஊகித்துச் சமைப்பதே ஆட்டம். மேல்தட்டு கீழ்த்தட்டின் இட்லியை நசுக்காமலும் ஆவி தடையின்றி மேலேறும்படியும் தட்டுகளைத் திருப்பித் திருப்பி அடுக்கவேண்டும் என்ற, தியாகராய நகர்ப் பாத்திரக் கடையில் எவரும் விளக்கிச் சொல்லாத அடுக்களைச் சூட்சுமத்தையே ஒரு புதிராக்கிய சாமர்த்தியம் அபாரமானது. புட்டுக்குழலின் முறையும் அவ்விதமே சிரத்தையோடு அமைந்திருக்கிறது.

2024-இல் பிரிட்டனின் திரைக்கலை அகாடமியான பாஃப்டா, அறிமுகப் படைப்புக்கான விருதை இதற்கு அளித்தது. அதனினும் எனக்குப் பிரியமானவை, சமையல் நடக்கையில் வானொலியில் எழும், பழைய தமிழ்த் திரையிசையின் சாயலில் புதிதாக இயற்றிய பாடல்கள்.