தக்காளிச் செடிக்கு ‘மன அழுத்தம்’ உண்டா?

2023-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஒரு செய்தி உலகைச் சுற்றி வந்தது. தண்ணீர் ஊற்றாவிட்டால் தக்காளிச் செடி அலறுகிறது என்பதே அச்செய்தி. அதன் பின் என் வகுப்பில் ஒரு மாணவர் எழுந்து, “சார், செடிக்குக்கூட மன அழுத்த ஹார்மோன் சுரக்கிறதாமே, உண்மையா?” என்று கேட்டார். நடத்திக்கொண்டிருந்ததோ இயற்பியல். ஆயினும் அக்கேள்வியை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம், அக்கேள்வியிலுள்ள தவறு மாணவருடையது அன்று. அறிவியலை அவருக்குத் தமிழில் எடுத்துச் சொன்ன நம்முடையது. அந்தத் தவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்த ஆய்வையே பார்ப்போம். இஸ்ரேல் நாட்டின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் லிலாக் ஹடானியும் அவருடைய குழுவினரும் அதை நடத்தினர். தக்காளி, புகையிலைச் செடிகளுக்கு அருகே சுமார் 10 சென்டிமீட்டர் தொலைவில் ஒலிவாங்கிகளை வைத்தனர். நீர் வற்றிய தக்காளிச் செடியிலிருந்து மணிக்குச் சராசரியாக 35 ‘டிக்’ ஒலிகள் பதிவாயின. நன்கு நீர் பெற்ற செடியிலோ மணிக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. செடியில்லாத, மண் மட்டும் நிரம்பிய தொட்டிகளையும் அவர்கள் சோதித்தனர். அவை ஒலி எழுப்பவில்லை. ஒலிகளின் அதிர்வெண் பெரும்பாலும் 40 முதல் 80 கிலோஹெர்ட்ஸ் வரை. மனிதச் செவிக்கு எட்டுவது ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரையில்தான். ஆகவே இவை மீயொலிகள்.

இவ்வொலி பிறப்பது எவ்வாறு? செடியின் சைலம் குழாய்களில் நீர் ஓர் இழை போல, இழுவிசைக்கு உட்பட்டு மேலேறுகிறது. வேரில் நீர் குறைந்தால் அவ்விழை மேலும் விறைத்து, ஒரு கட்டத்தில் அறுபடுகிறது. அவ்விடத்தில் குமிழி தோன்றுகிறது. அந்த அதிர்வே இவ்வொலிக்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கிணற்றில் நீர் இறங்கிக் காற்று வாங்கும் பம்பு செட்டு ‘கடகட’ என்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பம்பு அலறுகிறது என்று நாம் சொல்வதில்லை. ‘அலறல்’ என்பது தலைப்பு போட்டவர்கள் சேர்த்த சொல். ஆய்வு நல்ல ஆய்வு. அதைச் சொன்ன விதம்தான் பழுது.

இப்பழுதுக்கு ஒரு வமிசாவளி உண்டு. 1966-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க்கில், பொய்யறியும் கருவி நிபுணரான கிளீவ் பாக்ஸ்டர் தம் அலுவலகத்திலிருந்த டிரசீனாச் செடியின் இலையில் அக்கருவியை இணைத்தார். இலையைக் கொளுத்தலாம் என்று நினைத்த மாத்திரத்தில் முள் துள்ளியதாகச் சொன்னார். கொதிநீரில் உப்புநீர் இறால்கள் மடியும்போது அருகிலுள்ள செடிகள் அதை உணர்வதாகவும் 1968-இல் எழுதினார். 1973-இல் பீட்டர் டாம்கின்ஸ், கிறிஸ்டோபர் பேர்ட் ஆகியோர் எழுதிய ‘தாவரங்களின் இரகசிய வாழ்க்கை’ என்ற ஆங்கில நூல் இதைப் பெரும் புகழுக்குக் கொண்டுவந்தது. அதே நூலில் நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறைத் தலைவராயிருந்த டி. சி. என். சிங் அவர்களின் இசைச் சோதனைகளும் இடம்பெற்றன.

இந்நூலின் குறை யாது? சுவையான செய்திகளைச் சொன்னது குறையன்று. மாற்று விளக்கங்களை விலக்கும் சோதனையை அது கேட்கவில்லை, அதுவே குறை. 1975-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர், இறால் சோதனையைக் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் நடத்தி ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டனர். செடிகளில் அத்தகைய எதிர்வினை எதுவும் இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. செடிகளில் மின் துடிப்புகள் உண்டு என்பதை ஜகதீஸ் சந்திர போஸ் நூறாண்டுகளுக்கு முன்பே அளந்து காட்டினார், அது மெய். அத்துடிப்பே நம் எண்ணத்தை அறியும் மனம் என்று அடுத்தவர் தாவியது பொய். இந்நூல் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது.

பிறரைக் குறைகூறும் நானும் ஒருமுறை வழுக்கியவனே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக் கண்காட்சிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். ஒரு மாணவி தக்காளி இலையில் இரு கம்பிகளை ஒட்டிக் கால்வனாமீட்டருடன் இணைத்திருந்தாள். செடியருகே குனிந்து அதட்டினாள், முள் நகர்ந்தது. கூட்டம் கைதட்டியது. நானும் முதற்பரிசு கொடுத்தேன். வீடு திரும்பிய பின் உறுத்தியது. மறுநாள் கல்லூரி ஆய்வகத்தில் இலைக்குப் பதிலாக ஈரத்துணியில் அதே கம்பிகளை ஒட்டி, குனிந்து அதட்டினேன். முள் நகர்ந்தது! ஈரத்துணியும் என்னைக் கண்டு அஞ்சியதோ? மூச்சின் ஈரமும் கம்பியின் அசைவும் தொடுபுள்ளியின் மின்தடையை மாற்றியிருந்தன, அவ்வளவே. அந்த மாணவியிடம் நான் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி, “செடி இல்லாமல் செய்து பார்த்தாயா?” என்பது. கேட்கத் தவறியதால் அவளுக்குப் பரிசு கிடைத்தது, அறிவியல் கிடைக்கவில்லை.

இனிச் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரெஸ்’ என்பது இயற்பியலில் நெடுங்காலமாக வழங்கும் சொல். ஒரு கம்பியில் எடையைத் தொங்கவிட்டால் ஓரலகுப் பரப்பில் தோன்றும் விசையே அது. தமிழில் ‘தகைவு’ என்கிறோம். அதனால் கம்பி நீள்வது ‘திரிபு’. 1936 முதல் ஹான்ஸ் செல்யே செய்த ஆய்வுகளின் வழியே அச்சொல் உடலியலுக்குச் சென்றது; அங்கிருந்து மனத்திற்கும் தாவியது. தாவரவியலார் ஜேக்கப் லெவிட் 1972-இல் எழுதிய நூலில் இயற்பியல் பொருளை ஒட்டியே அதைச் செடிகளுக்குப் பயன்படுத்தினார். வறட்சி, உப்பு, குளிர் ஆகியவை தகைவு. செடியில் ஏற்படும் மாற்றம் திரிபு. ஆக, செடிக்கு வந்த சொல் நம் தகைவு. அதை ‘மன அழுத்தம்’ என்று பெயர்த்தபோது, மனம் இல்லாத இடத்தில் மனத்தை நட்டுவிட்டோம்.

சொல்தானே, போகட்டும் என்று நீங்கள் நினைக்கலாம். செடிக்குள் நடப்பதைப் பார்த்தால் அவ்வாறு விட முடியாது. அப்சிசிக் அமிலம் என்னும் இயக்குநீரை எடுத்துக்கொள்வோம். நீர் குறையும்போது இலையில் இதன் அளவு பெருகுகிறது, இலைத்துளைகள் மூடுகின்றன, நீராவிப்போக்கு குறைகிறது. ‘ஃபிளாக்கா’ என்னும் தக்காளி வகை எக்ஸ்-கதிர்களால் உண்டாக்கப்பட்ட திடீர்மாற்றம். அதனால் இவ்வமிலத்தைப் போதிய அளவு உண்டாக்க இயலாது. ஆகவே துளைகள் சரியாக மூடாமல் எளிதில் வாடிவிடும். 1970-இல் இம்பர், டால் என்ற இரு ஆய்வாளர்கள் அச்செடிக்கு அப்சிசிக் அமிலத்தைத் தெளித்து வந்தனர். செடி இயல்பான தோற்றத்துக்குத் திரும்பியது. இது அச்சத்தின் அடையாளம் என்றால், அச்சத்தைத் தெளித்துச் செடியை நலமாக்கியதாகச் சொல்ல வேண்டிவரும்! மதகை இறக்கும் கட்டளை என்று கொண்டால் எல்லாம் பொருந்துகிறது.

தழைச்சத்தும் ஒளியும் இதை மேலும் தெளிவாக்குகின்றன. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அரிசோனாவில் ராடினும் உடனாய்வாளர்களும் பருத்திச் செடிகளை ஆராய்ந்தனர். நைட்ரஜன் குறைவாகப் பெற்ற செடிகள், நீர்ப்பற்றாக்குறை இலேசாக இருக்கும்போதே அப்சிசிக் அமிலத்தைச் சேர்த்துத் துளைகளை மூடின. வறட்சி ஒன்றே, எதிர்வினை மட்டும் உணவுக்கு ஏற்ப வேறுபட்டது. கையிருப்பு குறைந்த குடும்பம் முன்கூட்டியே செலவைச் சுருக்குவது போன்றது இது.

ஒளியின் கதை இன்னும் வியப்பானது. இலைகள் 660 நானோமீட்டர் அளவிலான சிவப்பொளியை உறிஞ்சி, 730 நானோமீட்டர் அளவிலான தொலைசிவப்பொளியைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. ஆகவே அண்டைச் செடியின் நிழலில் தொலைசிவப்பின் பங்கு கூடுகிறது. ‘ஃபைட்டோகுரோம்’ என்னும் நிறமி இவ்விகிதத்தை அளக்கிறது. பூச்சி கடித்தால் பாதுகாப்பைத் தூண்டுவது ஜாஸ்மோனிக் அமிலம் என்ற இயக்குநீர். 2020-இல் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தக்காளிக்குத் தொலைசிவப்பொளியைக் கூட்டிக் கொடுத்தபோது, ஜாஸ்மோனிக் வழிப் பாதுகாப்பு தளர்ந்தது. இலையில் சர்க்கரை கூடியது. சாம்பல் பூசணம் எளிதில் பரவியது. நெருக்கத்தில் வளரும் செடி உயர்ந்து ஒளியைப் பிடிப்பதற்கு முதலிடம் தந்து, காவலைக் குறைக்கிறது எனலாம். மன அழுத்தம் என்ற சொல் இங்கே எதை விளக்குகிறது? ஒன்றையும் விளக்கவில்லை.

ஒளியும் தழைச்சத்தும் சேர்ந்தே செடியை ஆள்கின்றன என்பது புதிய கருத்துமன்று. 1918-இலேயே ஓரிகான் வேளாண்மைக் கல்லூரியில் கிராஸ், கிரேபில் இருவரும் தக்காளியில் இதைக் காட்டினர். ஒளியால் கிடைக்கும் மாவுச்சத்துக்கும் மண்ணால் கிடைக்கும் நைட்ரஜனுக்கும் இடையிலான சமநிலை கெட்டால் காய்ப்பு கெடும். தழைச்சத்து மிகுந்தால் செடி இலையாகவே வளரும். ஒளியும் அளவுக்கு மிஞ்சினால் நஞ்சே. இரவே இல்லாமல் இடைவிடாது ஒளி பட்டால் தக்காளி இலைகள் வெளுத்துப் போகும் என்பது 1920-களிலேயே தெரிந்த செய்தி. அதைத் தாங்கும் மரபணு ஒன்றைக் காட்டுத் தக்காளியில் கண்டு, நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டனர்.

இதனால் உழவருக்கு என்ன என்று கேட்பீர்கள். பெருமழையில் நீர் தேங்கிய தக்காளித் தோட்டத்தில் இலைக்காம்புகள் கீழ்நோக்கி வளைந்து தொங்கும். “செடி சோர்ந்துவிட்டது, யூரியா போடு” என்பார்கள். கலிபோர்னியாவின் பிராட்ஃபோர்டும் யாங்கும் 1980-இல் கண்டது வேறு. மூச்சுக்குக் காற்றில்லாத வேரில் ஏ.சி.சி. என்னும் பொருள் உண்டாகி, நீரோட்டத்துடன் இலைக்கு ஏறி, அங்கே எத்திலீனாக மாறிக் காம்பை வளைக்கிறது. நோய் இலையில் தெரிகிறது. காரணம் வேரில் இருக்கிறது. வேண்டுவது உரமன்று, வடிகால். ‘சோர்வு’ என்ற சொல் நம்மை உரக்கடைக்கு அனுப்பும். சரியான விளக்கம் மண்வெட்டியை எடுக்கச் சொல்லும்.

ஆனால் மறுபக்கத்துத் தவற்றிலும் விழுந்துவிடக் கூடாது. செடி ஒரு மரக்கட்டை, அதற்கு ஒன்றும் தெரியாது என்பதும் பிழையே. 1990-இல் ஃபார்மரும் ரையனும் மாசிபத்திரியின் உறவான ஒரு புதர்ச்செடியை மூடிய கலத்தில் தக்காளிச் செடிகளுடன் வைத்தனர். அப்புதரிலிருந்து காற்றில் பரவிய மீத்தைல் ஜாஸ்மோனேட், தக்காளி இலைகளில் பூச்சியின் செரிமானத்தைத் தடுக்கும் புரதங்களைத் தோற்றுவித்தது. இதில் மாயமில்லை; ஆனால் கதையைவிடச் சுவை குறைந்ததா, நீங்களே சொல்லுங்கள். ‘இரகசிய வாழ்க்கை’ நூலின் மீது எனக்குள்ள மனத்தாங்கலும் இதுவே. உண்மையான இரகசியங்கள் காத்திருக்கையில் அது கற்பனை இரகசியங்களை விற்றது.

ஆகவே மாணவர்களே, தமிழில் அறிவியல் எழுத வருபவர்களே! செடிகளைப் பற்றிப் பேசும்போது ‘மன அழுத்தம்’ வேண்டாம். ‘தகைவு’ என்போம், அல்லது ‘நெருக்கடி’ என்போம். வியப்பூட்டும் சோதனை எதைக் கண்டாலும் “செடி இல்லாமல் செய்து பார்த்தீர்களா?” என்று கேட்போம். மண்தொட்டி மட்டும் வைத்தும் ஒலிக்குக் காதுகொடுத்த டெல் அவிவ் ஆய்வாளர்கள் அக்கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டனர். அலறல் என்று தலைப்பிட்டவர்களுக்கு அந்த மண்தொட்டி கண்ணில் படவில்லை. உங்கள் கண்ணில் படட்டும்.