இடவாய் மீனும் வலவாய் மீனும்: பாடநூல் சொல்வது முழு உண்மையா?

ஆப்பிரிக்காவிலுள்ள டாங்கனிக்கா ஏரியில் பெரிசோடஸ் மைக்ரோலெப்பிஸ் என்றொரு மீன் வாழ்கிறது. பிற மீன்களைப் பின்னாலிருந்து அணுகி, விலாவில் பாய்ந்து, செதில்களைப் பறித்துத் தின்பதே அதன் பிழைப்பு. இம்மீன்களின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். வலப்புறம் கோணிய வாயுடையது இரையின் இடது விலாவைத் தாக்கும். இடப்புறம் கோணியது வலது விலாவைத் தாக்கும்.

ஜப்பானிய அறிஞர் மிச்சியோ ஹோரி 1993இல் 'சயன்ஸ்' இதழில் இதைப் பற்றி எழுதிய கட்டுரை, பரிணாமப் பாடநூல்களில் நிலைத்த இடம் பெற்றுவிட்டது. அவர் தரும் விளக்கம் எளிமையும் அழகும் உடையது. இடவாய் மீன்கள் பெருகினால், இரை மீன்கள் தமது வலது விலாவையே கூடுதலாகக் காத்துக்கொள்ளும். அப்போது சிறுபான்மையான வலவாய் மீன்களுக்கு உணவு எளிதாகக் கிட்டும், அவை பெருகும். பின்னர் நிலைமை தலைகீழாகும். எனவே இரு வகைகளும் ஏறத்தாழச் சரிபாதியாகவே நிலைத்திருக்கும்.

இக்கட்டுரையின் சிறப்பை மறுப்பதற்கில்லை. மீனின் வயிற்றிலிருந்த செதில்கள் இரையின் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை என்று பார்த்தே, தாக்கிய பக்கத்தை ஹோரி உறுதி செய்தார். இது மிக நேர்த்தியான சான்று.

ஆயினும், அளவீட்டையே தொழிலாகக் கொண்ட இயற்பியல் ஆசிரியனுக்கு இரண்டு ஐயங்கள் எழுகின்றன.

முதலாவது, 'இரு வகை' என்பது. ஒரு வகுப்பு மாணவர்களை 'நெட்டை', 'குட்டை' என இரண்டு வரிசையாக நிற்கச் சொன்னால், எல்லோரும் ஏதாவதொரு வரிசையில் நின்றுவிடுவார்கள். அதனால் மனிதரில் இரண்டே உயரங்கள் உண்டு என்றாகிவிடுமா? உயரத்தை அளந்து வரைபடம் போட்டால் நடுவில் ஒரே மேடுதான் தெரியும். ஜெர்மனியின் கான்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குஷே, லீ, மேயர் ஆகிய மூவரும் 2012இல் இச்சோதனையைத்தான் செய்தனர். வாய்க் கோணலை அளந்தபோது, குஞ்சுகளிலும் சரி, வளர்ந்த மீன்களிலும் சரி, இரண்டு மேடுகள் தெரியவில்லை. தொடர்ச்சியான ஒரே மேடுதான் கிடைத்தது. எதிரெதிர் வாயுடையவையே இணை சேருகின்றன என்ற கூற்றையும் அவர்கள் சோதித்தனர். 51 இணைகளில் அத்தகைய விதி எதுவும் தென்படவில்லை.

ஹோரி தரப்பினர் 2017இல் கீழ்த்தாடை எலும்பை அளந்து, இரு வகைகள் உண்மையே என்று விடையிறுத்தனர். ஆக, எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. வழக்கு இன்னும் முடியவில்லை.

இரண்டாவது, அலைவு. இரு வகைகளின் விகிதம் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதாக 1993ஆம் ஆண்டுக் கட்டுரை கூறுகிறது. அதற்கு ஆதாரம் பதினோர் ஆண்டுக் கணக்கு. அதாவது சுமார் இரண்டு அலைவுகள். ஊசலின் அலைவு நேரத்தைக் காண இருபது அலைவுகளை எண்ணச் சொல்கிறோம். இரண்டே அலைவுகளை எண்ணிவிட்டு வரும் மாணவனை மீண்டும் ஆய்வகத்துக்கே அனுப்புவோம் அல்லவா?

ஒரே மரபணுதான் பக்கத்தைத் தீர்மானிக்கிறது என்ற எளிய கூற்றும் இன்று போதவில்லை. டக்கெயுச்சி, ஓடா ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், செதில் தின்று பழகாத இளமீன்கள் முதலில் இரு பக்கமும் தாக்கின. அனுபவம் கூடக்கூட ஒரு பக்கத்தையே தேர்ந்தன. ஆனால் அந்தப் பக்கத்தில் உடலை வளைக்கும் வேகம் தொடக்கத்திலேயே மிகுந்திருந்தது. பிறவியில் ஒரு சாய்வு, அதன் மேல் ஒரு பயிற்சி. நாம் எழுதக் கற்றதும் ஏறக்குறைய இப்படித்தானே!

ஹோரியின் அடிப்படைக் கருத்து, அதாவது சிறுபான்மைக்குக் கிட்டும் ஆதாயம், இதனால் வீழ்ந்துவிடவில்லை. 2012ஆம் ஆண்டு ஆய்விலும், கோணல் தெளிவாகத் தெரிந்த மீன்களை மட்டும் எண்ணியபோது, ஐந்து மீன் கூட்டங்களில் இடமும் வலமும் சமமாகவே இருந்தன. ஆனால் 'இரு வகை, ஒரு மரபணு, ஐந்தாண்டு அலைவு' என்று மனப்பாடம் செய்யும் மாணவனுக்கு விடை மட்டுமே கிடைக்கிறது, அறிவியல் கிடைப்பதில்லை. இப்பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் ஹோரியின் முடிவோடு, அதன் மீது எழுந்த கேள்விகளையும் கரும்பலகையில் எழுதட்டும்.