மருத்துவமனைக்கு மார்க் போடுவது எப்படி?

2017 நவம்பர் 30, ஒக்கி வந்த நாள். புயல் குமரி மாவட்டத்தில் கரையேறவே இல்லை, கடல்வழியே போய்விட்டது. அப்படியும் புதுக்கடையில் எங்கள் தெரு மரங்களில் பாதி ரோட்டில் கிடந்தது. மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் ஒடிந்தன. அன்றைக்குப் பார்த்து அம்மாவுக்கு மூச்சுத்திணறல். ஆட்டோவில் பாதி, விழுந்து கிடந்த ரப்பர் மரங்களைத் தாண்டி நடை பாதி என்று ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தோம்.

கட்டடத்தில் ஒரு கீறல் இல்லை. ஜெனரேட்டரும் ஓடியது. மறுநாள் மத்தியானம் நின்றுபோனது, டீசல் தீர்ந்துவிட்டது. பங்கில் டீசல் உண்டு. அதை மேலே இழுக்கக் கரண்ட் இல்லை. "கெட்டிடம் கல்லு மாதிரி நிக்குது மக்களே, என்ன பிரயோசனம்?" என்றார் வயதான நர்ஸம்மா. வாள் கொண்டு மரம் அறுத்து வழி திறந்த பையன்கள் புண்ணியத்தில் கேனில் டீசல் வந்தது. அம்மா பிழைத்துக்கொண்டாள்.

இது நினைவுக்கு வரக் காரணம், போன வாரம் உட்கார்ந்து வாசித்த மருத்துவமனைப் பாதுகாப்புக் குறியீடு. பான் அமெரிக்க சுகாதார அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 2008-ல் வெளியிட்ட கேள்விப்பட்டியல் அது. ஒரு மருத்துவமனை பேரிடரில் தாங்குமா என்று மார்க் போடுகிறது. தூண், சுவர், அஸ்திவாரத்துக்கு 50 சதவீதம். மின்சாரம், தண்ணீர், ஆக்ஸிஜன், கருவிகளுக்கு 30. ஆட்கள், திட்டமிடல், தயார்நிலைக்கு 20. கூட்டித்தொகை 0.66-ஐத் தொட்டால் 'ஏ' பிரிவு: பேரிடரிலும் இயங்கும் என்று பொருள்.

கேள்விகள் மோசமில்லை. ஐந்து நாளைக்கு எரிபொருள் இருக்கிறதா, மூன்று நாளைக்குத் தண்ணீர் இருக்கிறதா என்றெல்லாம் கேட்கிறார்கள். (எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர ஒன்பது நாள் ஆனது, அது வேறு கதை.) என் சண்டை கூட்டலோடுதான். கட்டடத்துக்கு முழு 50 வாங்கிவிட்டு, மின்சாரம் தண்ணீரில் 30-க்கு 20 எடுத்து, தயார்நிலையில் பூஜ்யம் வாங்கினாலும் 0.70 வந்துவிடுகிறது. 'ஏ'. அந்த விடுபட்ட 10-க்குள் எங்கள் டீசல் கதை முழுசும் அடங்கிவிடும். எடையை மாற்றி மூன்றுக்கும் சமமாகப் பங்கு வைத்தாலும் சராசரி சராசரிதான். மருத்துவமனை சராசரியில் நிற்பதில்லை. அதன் ஆகப் பலவீனமான இடத்தில் விழுகிறது.

2012-ல் சாண்டி புயலின்போது நியூயார்க்கில் பெல்வ்யூ மருத்துவமனை இதைத்தான் அனுபவித்தது. ஜெனரேட்டர்களைப் புத்திசாலித்தனமாக 13-ம் மாடியில் வைத்திருந்தார்கள். அதற்கு எண்ணெய் ஏற்றும் பம்ப் மட்டும் அடித்தளத்தில். வெள்ளம் பம்பை முழுக்கியது. ஆட்கள் வரிசையாக நின்று படிக்கட்டு வழியே எரிபொருளைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். கடைசியில் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. ஒரு பம்ப்! சென்னை 2015 டிசம்பர் நமக்கு இன்னும் பக்கம். அடையாற்றங்கரையில் உள்ள மியாட் மருத்துவமனையில் வெள்ளம் ஜெனரேட்டர்களை எட்டியது. தீவிர சிகிச்சையில் இருந்த 18 பேர் அந்த நாட்களில் இறந்ததாக அரசு சொன்னது. மின்தடைதான் காரணம் என்பதை மருத்துவமனை ஏற்கவில்லை. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. அங்கேயும் சுவர் விழவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

குறியீட்டின் பக்கமும் நியாயம் உண்டு. அது லத்தீன் அமெரிக்காவில் பிறந்தது; 1985-ல் மெக்சிகோ நகர நிலநடுக்கத்தில் மருத்துவமனைகளே நோயாளிகளோடு சரிந்த கண்டம். அங்கே தூணுக்கு 50 கொடுத்ததில் தப்பென்ன? ஆனால் புயலும் வெள்ளமும் வேறு மாதிரி. அவை பெரும்பாலும் கட்டடத்தைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் அறுத்துவிட்டு, கட்டடத்தை மட்டும் விட்டுவைக்கின்றன. பாஸ்டனில் 2013-ல் திறந்த ஸ்பால்டிங் மறுவாழ்வு மருத்துவமனையில் இதை யோசித்திருக்கிறார்கள்: முக்கிய இயந்திரங்கள் மொட்டைமாடியில், கரண்ட் போனால் திறந்துகொள்ள ஜன்னல்கள். ஜன்னல் திறப்பதை ஒரு கண்டுபிடிப்பாக வாசிக்கும்போது சிரிப்பு வந்தது. நம்மூர் பழைய ஓட்டுக் கட்டிட ஆஸ்பத்திரிகளில் இதைத்தானே செய்தோம்? இப்போது ஏசிக்காக எல்லாவற்றையும் கண்ணாடி போட்டு அடைத்தாயிற்று.

என்னைக் கேட்டால் கூட்டவே வேண்டாம். கரண்ட், தண்ணீர், ஆக்ஸிஜன், வழி, ஆள் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இது போனால் எத்தனை மணி நேரம்?' என்று எழுதி, அதில் ஆகச் சின்ன எண்ணை வாசலில் ஒட்டட்டும்.

போன மாதம் அம்மாவின் செக்கப்புக்காக அதே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். புதிதாக ஒரு மாடி எழுப்பியிருக்கிறார்கள், நல்ல உறுதியான வேலை. மெயின் ஸ்விட்ச் போர்டு பழைய இடத்திலேயே, மாடிப்படிக்கு அடியில், என் முட்டு உயரத்தில் இருக்கிறது. குழித்துறை ஆறு அங்கிருந்து அதிக தூரமில்லை. 2021 நவம்பரில் அது கரையேறியதை ஊரே பார்த்தது.